நுங்கு வண்டியிலிருந்து அட்டை வண்டிக்கு: தொடக்கப் பள்ளியில் செய்து கற்கும் முதல் பாடம்

பிள்ளைகளைக் கையால் செய்யவைத்துக் கற்பிக்க நினைக்கும் ஆசிரியருக்கு முதல் தடுமாற்றம், எதைச் செய்யவைப்பது என்பதுதான். தெர்மாகோல் கோயில், ஐஸ் குச்சி வீடு, காகிதப் பூச்சாடி என்று யோசனைகள் வரும். இவற்றில் ஒரு குறை உண்டு. கோணலாகச் செய்தாலும் கோயில் கோயில்தான். நன்றாக வந்ததா இல்லையா என்று ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். சக்கர வண்டி அப்படியில்லை. ஓடும், இல்லையென்றால் ஓடாது. ஓடாதபோது பிள்ளையே வண்டியைக் கவிழ்த்துப் போட்டு எங்கே இடிக்கிறது என்று தேடத் தொடங்கும். அந்தத் தேடலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் அட்டை வண்டியோடு தொடங்குவது நல்லது. 30 பிள்ளைகள், மூவர் கொண்ட 10 குழுக்கள், 40 நிமிடப் பாடவேளை ஐந்து என்ற கணக்கில் இங்கே எழுதியிருக்கிறோம். இங்கிலாந்துப் பள்ளிகளில் 1990 முதல் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ தனிப் பாடமாகவே இருக்கிறது. தொடக்க வகுப்புகளிலும் உண்டு. நம்மூரில் அதற்கெனத் தனி வேளை கிடையாது. ஆனால் செ.மீ., மி.மீ., வட்டம், செங்கோணம், இணைகோடு, உராய்வு எல்லாம் இந்த ஒரு வண்டிக்குள் வந்துவிடும். கணக்குக்கும் அறிவியலுக்கும் உரிய வேளைகளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நீங்கள் ஒன்று செய்யுங்கள்

வகுப்புக்குப் போவதற்கு முன் ஒரு வண்டியை முழுதாகச் செய்து பாருங்கள். படித்துப் புரிந்துகொண்டது போதும் என்று விட்டுவிட்டால், குச்சி குழாய்க்குள் நுழையாத நேரத்தில் பத்துக் குழுவும் ஒரே சமயத்தில் உங்களைக் கூப்பிடும். ஆனால் செய்த வண்டியை வகுப்பில் காட்டாதீர்கள். காட்டினால் மறுநாள் அதே மாதிரி பத்து வண்டி வரும். யாரும் எதையும் யோசித்திருக்க மாட்டார்கள். மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, ஒரு குழு எங்காவது முட்டி நிற்கும்போது அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் காட்டலாம்.

ஒரு குழுவுக்கு வேண்டியவை:

அட்டைப்பெட்டி அட்டை, 16 செ.மீ. நீளம் 9 செ.மீ. அகலத்தில் ஒன்று.
30 செ.மீ. மூங்கில் குச்சி ஒன்று. கபாப் குச்சி, பார்பெக்யூ குச்சி என்று விற்பது, 3 மி.மீ. தடிமன்.
தண்ணீர் பாட்டில் மூடி நான்கு, ஒரே கம்பெனியுடையவை.
பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய வட்டம் நான்கு.
பழைய நோட்டுத் தாள் நான்கைந்து, தீப்பெட்டி இரண்டு, நூல், ஃபெவிகால், கத்தரிக்கோல், ஸ்கேல், பென்சில்.

குச்சிக்குப் பதில் தென்னை ஈர்க்கு போதாதா என்று தோன்றும். போதாது. ஈர்க்கு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும். ஒரு பக்கச் சக்கரம் இறுகும், மறுபக்கச் சக்கரம் கழன்று ஓடும். ஊதுவத்திக் குச்சி மிக மெல்லியது. சுமை ஏற்றினால் வளையும். மூங்கில் குச்சி கிடைக்காத ஊரில் சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட ஸ்போக்ஸ் கம்பியை 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி வாங்கலாம். அது 2 மி.மீ. கம்பி, நேராக இருக்கும். வெட்டிய முனையை அரத்தால் ராவிவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் இந்த வேலைக்கு எல்லா ஊரிலும் எளிதாகக் கிடைத்துவந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும் நாடு முழுவதும் 2022 ஜூலை முதலும் அதற்குத் தடை. அதைத் தேடி அலைய வேண்டாம். காகிதக் குழாயைப் பிள்ளைகளே சுருட்டட்டும். அதிலும் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

ஆசிரியர் முன்கூட்டியே முடிக்க வேண்டிய வேலை மூன்று. மூன்றுமே கத்தியும் ஊசியும் புழங்குபவை. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள்.

அட்டை வெட்டுவது முதல் வேலை. அட்டையை விளிம்பில் பார்த்தால் நடுவில் அலை அலையாக நெளிவு தெரியும். அந்த நெளிவின் ஓட்டை வரிசை 16 செ.மீ. நீளவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும். குறுக்குவாக்கில் ஓடினால் நடுவில் சுமை வைத்ததும் அட்டை புத்தகம் போல மடிந்துவிடும். இரண்டு குழுவுக்கு மட்டும் வேண்டுமென்றே குறுக்குவாக்கில் வெட்டிக் கொடுப்பது ஒரு நல்ல தந்திரம். ஒரே அட்டை ஒருவருக்கு மடிகிறது, இன்னொருவருக்கு மடியவில்லை என்றால் பிள்ளைகள் தாமே விளிம்பைப் பார்க்கப் போவார்கள்.

அடுத்தது குச்சி. கூர்முனையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, இரண்டு சம துண்டாக்குங்கள். சிலாம்பு இருந்தால் உப்புத்தாளில் தேய்க்கவும்.

மூன்றாவது சக்கரம். அவசரப்பட்டால் கெட்டுப்போவது இதுதான். வெறும் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுக் குச்சியைச் செருகினால் சக்கரம் தலையாட்டிக்கொண்டே ஓடும். மூடியின் மேல்தகடு மிக மெல்லியது. குச்சியை நேராகப் பிடித்துக்கொள்ளும் தடிமன் அதற்கு இல்லை. ஃபெவிகால் போட்டாலும் பயனில்லை, அது பிளாஸ்டிக்கில் பிடிக்காது. இதற்கு விடை பழைய ரப்பர் செருப்பு. செருப்பின் அடிப்பாகத்தில் 10 ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். நாணயம் 27 மி.மீ.; மூடியின் உட்புறம் அதைவிடச் சற்றுக் குறுகல். அதனால் ரப்பர் வட்டம் அழுத்தினால் இறுகி உட்கார்ந்துகொள்ளும். ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பாதகமில்லை, உள்ளே மறைந்துவிடும். பழைய செருப்பை வெட்டிச் சக்கரமாக்கி விளையாடிய ஊர்களில் இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

ரப்பரை வைப்பதற்கு முன் மூடியில் மையத்தைக் கண்டு குத்தூசியால் துளையிட வேண்டும். பல மூடிகளில் வார்ப்பின்போது விழுந்த சிறு புள்ளி நடுவில் இருக்கும், அதுவே மையம். புள்ளி இல்லாத மூடிக்குக் காகிதத்தில் மூடியை வைத்துச் சுற்றி வரைந்து, வட்டத்தை வெட்டி, இரண்டு முறை சரிபாதியாக மடித்துப் பிரித்தால் மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். மையம் காணும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் விடலாம். துளையை நீங்கள் போடுங்கள். மூடியை இன்னொரு செருப்பின் மேல் வைத்துக் குத்தினால் ஊசி வழுக்காது, கையிலும் ஏறாது. துளை குச்சியைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். பிறகு ரப்பரை உள்ளே அழுத்தி, மூடியின் துளை வழியாகவே ஊசியை நேர்செங்குத்தாக ரப்பரிலும் இறக்குங்கள். சாய்த்து இறக்கிய துளைக்கு நடுப்புள்ளி சரியாக இருந்தும் பயனில்லை. சக்கரம் குடிகாரன் நடை நடக்கும்.

40 சக்கரத்துக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். முதல் வருடம் மட்டும்தான். அடுத்த வருடம் அதே சக்கரங்கள் மறுபடி வரும்.

முதல் வேளை: பார்ப்பதும் வரைவதும்

முடிந்தால் ஒரு நுங்கு வண்டியோடு தொடங்குங்கள். நுங்கு எடுத்தபின் மிஞ்சும் பனங்காய்க் கூடு (கூந்தல்) இரண்டு, அவற்றை இணைக்கும் குச்சி, நடுவில் தள்ளுவதற்கு ஒரு கவைக்கம்பு. பருவம் இல்லையென்றால் கரும்பலகையில் வரையலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சக்கரம் சுற்றும்போது குச்சி சுற்றுகிறதா, சும்மா இருக்கிறதா?

வகுப்பு இரண்டாகப் பிரியும். நுங்கு வண்டியில் கூந்தலோடு சேர்ந்து குச்சியும் சுற்றும். கவைக்குள் உராய்ந்து சுழலும். மாட்டு வண்டியில் அப்படியல்ல. இருசு, அதாவது அச்சு, அசையாமல் கிடக்க, சக்கரத்தின் குடம் மட்டும் அதன்மேல் சுற்றும். கழன்று விழாமல் இருக்கத்தான் கடையாணி. ரயிலில் சக்கரமும் அச்சும் ஒரே துண்டு போல இறுகியிருக்கும், இரண்டும் சேர்ந்தே சுற்றும். ஆக வழி இரண்டு. சக்கரத்தை அச்சில் இறுக்கி அச்சைச் சுழலவிடலாம். அச்சை இறுக்கிச் சக்கரத்தைச் சுழலவிடலாம். இரண்டையும் இறுக்கினால் வண்டி ஓடாது. இரண்டையும் தளர்த்தினால் தள்ளாடும். நாம் செய்யப்போவது நுங்கு வண்டி முறை; கவையின் வேலையைக் காகிதக் குழாய் பார்க்கும்.

அடுத்து நிபந்தனை. ‘ஒரு வண்டி செய்யுங்கள்’ என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் கார் படம் வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். யாருக்கு, எதற்கு, எப்படித் தேறும் என்பதைப் பலகையில் எழுதிப்போடுங்கள். எடுத்துக்காட்டாக: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான சரக்கு வண்டி. பத்துக் கோலிக்குண்டைச் சிந்தாமல் சுமக்க வேண்டும். 60 செ.மீ. பலகையை ஒரு பக்கம் 10 செ.மீ. உயர்த்தி அதிலிருந்து விட்டால், அடிவாரத்துக்கு அப்பால் 1 மீட்டர் போக வேண்டும். 40 செ.மீ. இடைவெளியில் போட்ட இரண்டு சாக்பீஸ் கோட்டுக்குள்ளேயே போக வேண்டும். கையைக் குத்தும் முனை எதுவும் வெளியே நீட்டக்கூடாது. கண்ணாடிக் கோலி ஒன்று ஏறத்தாழ 5 கிராம். பத்துக்கு 50 கிராம் சுமை. அட்டைக்கு அது விளையாட்டல்ல.

வரைபடத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். பக்கவாட்டுத் தோற்றம் மட்டும் வரைந்தால் அதில் இரண்டு சக்கரம்தான் தெரியும், அச்சு எங்கே என்றே தெரியாது. மேலிருந்து பார்க்கும் தோற்றம் கட்டாயம். ஒவ்வொரு கோட்டுக்கும் செ.மீ. அளவு எழுதியிருக்க வேண்டும். அழிப்பானை வாங்கி வைத்துவிடுங்கள். அழித்து அழித்து அழகாக்குவதில்தான் 20 நிமிடம் போகிறது. தப்பான கோட்டின் மேல் ஒரு அடி அடித்துப் பக்கத்தில் புதிதாகப் போடட்டும். அந்த அடித்தல்கள் கடைசி நாளில் உங்களுக்கு வேண்டியிருக்கும். பொருள் பட்டியலை எழுதிக் காட்டாத குழுவுக்குப் பொருள் தரக்கூடாது.

இரண்டாம் வேளை: குழாயும் கோடும்

குழாய் குச்சியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் வண்டியின் விதி இருக்கிறது. குச்சியின் மேலேயே நேரடியாகத் தாளைச் சுருட்டி ஒட்டினால் அச்சு இறுகிப்போகும். பென்சிலின் மேல் சுருட்டினால் 7 மி.மீ. குழாய் கிடைக்கும், அதற்குள் 3 மி.மீ. குச்சி உருண்டு புரண்டு எந்தத் திசையிலும் திரும்பும். வேண்டியது சுமார் 4 மி.மீ.

அதற்கு வழி: 10 செ.மீ.க்கு 6 செ.மீ. நோட்டுத் தாளைக் குச்சியின் மேல் பசையில்லாமல் இறுகச் சுற்ற வேண்டும். ஐந்து சுற்று வரும். அதன்மேல் 10 செ.மீ.க்கு 8 செ.மீ. தாள் ஒன்றைச் சுற்ற வேண்டும். முதல் சுற்று முடியும்வரை பசை கிடையாது, அதற்குப் பிறகு மெல்லிய ஃபெவிகால் பூச்சு. ஐந்து நிமிடம் பொறுத்து, பசை முழுக்கக் காய்வதற்குள் குச்சியை உள்தாளோடு சேர்த்துத் திருகி உருவினால் குழாய் தனியே வரும். ஒரு குழுவுக்கு இரண்டு குழாய். மூன்றாவது ஒன்று சுருட்டிவைப்பது புத்திசாலித்தனம், முதல் குழாய் அநேகமாக நசுங்கிப்போகும். அதிகம் பசை தடவுவதுதான் இங்கே பொதுவான தப்பு. ஈரத்தில் தாள் ஊறி உள்தாளோடு ஒட்டிக்கொண்டால் குச்சியைக் கழற்றவே முடியாது. பசையை டப்பாவோடு கொடுக்காமல் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாட்டில் மூடியளவு மட்டும் ஊற்றிக் கொடுங்கள்.

இன்னொரு பக்கம் அட்டையில் கோடு. ஒவ்வொரு முனையிலிருந்தும் 3 செ.மீ. தள்ளி ஒரு குறுக்குக் கோடு. இரண்டுக்கும் நடுவே 10 செ.மீ. வரும். இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் இரண்டு. சில பிள்ளைகள் ஸ்கேலில் 0-வை விட்டு 1-லிருந்து அளப்பார்கள். சிலர் ஸ்கேலின் விளிம்பிலிருந்து அளப்பார்கள். பல ஸ்கேலில் விளிம்புக்கும் 0-வுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. திருத்துவதற்கு எளிய வழி, கோட்டை அட்டையின் இரண்டு ஓரத்திலும் தனித்தனியே அளந்து புள்ளி வைத்து, பிறகு புள்ளிகளைச் சேர்ப்பது. நோட்டுப் புத்தகத்தின் மூலையை வைத்துச் செங்கோணம் சரியா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கறார் எதற்கு? இரண்டு குழாய்க்கும் நடுவே ஒரு பக்கம் 10 செ.மீ., மறுபக்கம் 10.2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 மி.மீ. வித்தியாசம் போதும், வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வளைந்து போகும். பலகையும் தரையும் சேர்த்து 1.6 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் நேர்கோட்டிலிருந்து சுமார் 25 செ.மீ. விலகிவிடும். சாக்பீஸ் கோடு நடுவிலிருந்து 20 செ.மீ. தான். வித்தியாசம் 1 மி.மீ. என்றால் விலகல் 13 செ.மீ. அளவில் நின்று வண்டி பிழைத்துக்கொள்ளும். மி.மீ. என்பது எதற்கு என்று கணக்குப் பாடத்தில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, கோட்டுக்கு வெளியே போய் நிற்கும் ஒரு வண்டியைப் பார்த்ததும் ஏறும்.

குழாயை ஒட்டுவதற்குக் கோட்டின் மேல் மெல்லிய பசைக் கோடு இழுத்து, குழாயை வைத்து, இரு பக்கமும் நூலால் அட்டையோடு சேர்த்து இரண்டு சுற்று சுற்றிக் கட்ட வேண்டும். செல்லோ டேப்பை இழுத்து ஒட்டினால் குழாய் தட்டையாகிவிடும். மழைக்காலத்தில் அட்டை ஈரம் கோர்க்கும்போது டேப் உரிந்தும் வரும். குழாய் அட்டையின் இரு பக்கமும் அரை செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் சக்கரம் அட்டையில் உராயாது. குழாய்க்குள் குச்சியை இப்போது செருகக்கூடாது. கசிந்த பசையில் அது உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். இரவு முழுக்கக் காயட்டும்.

மூன்றாம் வேளை: சக்கரம் ஏற்றுதல்

இது பத்து நிமிட வேலை. ஒரு சக்கரத்தைக் குச்சியில் ஏற்றி, குச்சியைக் குழாய்க்குள் விட்டு, மறுபக்கம் அடுத்த சக்கரத்தை ஏற்ற வேண்டும். ரப்பர் பக்கம் உள்ளே, மூடிப் பக்கம் வெளியே. சக்கரத்துக்கும் குழாய் முனைக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளிக்கு நோட்டு அட்டைத் துண்டை நான்காக மடித்து நடுவில் வைத்து அளந்தால் போதும், பிறகு அதை உருவிவிடலாம். சக்கரத்தைத் தள்ளும்போது குச்சியின் மறுமுனை உள்ளங்கையில் இல்லாமல் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். இதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். கையில் ஊன்றித் தள்ளி ரப்பர் சட்டென்று வழிவிட்டால் குச்சி தோலைக் கிழிக்கும்.

மீதி அரைமணி நேரமும் பழுது பார்ப்பதற்கு. சொல்லப்போனால் பாடம் இப்போதுதான் தொடங்குகிறது.

பழுது பார்க்கும் முறை

பிள்ளைகள் வண்டியைத் தூக்கிக்கொண்டு ‘டீச்சர், ஓடமாட்டேங்குது’ என்று வருவார்கள். வாங்கிச் சரிசெய்து கொடுக்கும் ஆசை வரும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வண்டியைக் கவிழ்த்து வைத்து, விரலால் ஒரு சக்கரத்தைச் சுண்டிவிடச் சொல்லுங்கள். நல்ல அச்சு சுண்டிவிட்டபின் தானாக இரண்டு மூன்று சுற்றாவது சுற்றும். உடனே நின்றுவிட்டால் எங்கே உரசுகிறது என்று தேட வேண்டும்.

சக்கரம் குழாய் முனையை அல்லது அட்டையை உரசினால் சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்தால் போதும். நூலை அதிகம் இறுக்கியதில் குழாய் நசுங்கியிருக்கலாம். நூலைத் தளர்த்தி, குச்சியை உள்ளே விட்டு உருட்டினால் கொஞ்சம் மீளும், மீளவில்லையென்றால் மூன்றாவது குழாய் இருக்கிறது. குச்சியே வளைந்திருக்கலாம். தரையில் உருட்டிப் பார்த்தால் நேரான குச்சி சத்தமில்லாமல் உருளும், வளைந்தது துள்ளும்.

யாராவது எண்ணெய் விடலாமா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. மாட்டு வண்டி இருசுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை தடவுவது வழக்கம். ஆனால் காகிதக் குழாயில் எண்ணெய் விட்டால் தாள் ஊறித் தளர்ந்துவிடும். பென்சிலால் குச்சியின் மேல் கறுப்பாகத் தேய்க்கச் சொல்லுங்கள். பென்சில் முனையில் உள்ள கிராஃபைட் வழுக்கும் தன்மை கொண்டது. தேய்த்ததற்கு முன்னும் பின்னும் சுண்டிவிட்டுச் சுற்றுகளை எண்ணினால் உராய்வுப் பாடம் தனியாக நடத்த வேண்டியதில்லை.

சுற்றுகிறது, ஆனால் தரையில் வைத்தால் நொண்டுகிறது என்றால் பெரும்பாலும் சக்கரத்தின் துளை மையத்தில் இல்லை. வண்டி ஏறி இறங்கிப் போவதைப் பக்கவாட்டில் தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியும். சக்கரத்தைத்தான் மாற்ற வேண்டும், வேறு வழியில்லை. நான்கில் ஒரு சக்கரம் மட்டும் தரையைத் தொடாமல் தொங்கினால் அட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒரு குழாயின் ஒரு முனைக்கடியில் பசை கட்டிநின்று மேடாகியிருக்கிறது.

ஒரே பக்கமாக வளைந்து போனால் குழாய்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தும் வளைந்தால் ஒரே அச்சில் வெவ்வேறு கம்பெனி மூடிகள் இருக்கின்றனவா என்று பார்க்கவும். பெரிய சக்கரம் உள்ள பக்கம் ஒரு சுற்றில் அதிக தூரம் போவதால் வண்டி சிறிய சக்கரத்தின் பக்கம் திரும்பும். ஒரு முறை இடது, ஒரு முறை வலது என்று மாறி மாறிப் போனால் குழாய் தொளதொளப்பு.

நான்காம், ஐந்தாம் வேளைகள்

கோலிக்குத் தொட்டி வைப்பது பிள்ளைகள் விருப்பம். தீப்பெட்டித் தட்டு, காலண்டர் அட்டை, தேங்காய்ச் சிரட்டை எதுவானாலும் சரி. கவனிக்க வேண்டியது சுமை எங்கே உட்காருகிறது என்பது. இரண்டு அச்சுக்கும் நடுவே இருந்தால் நிற்கும். முன் அச்சுக்கு முன்னால் போனால் சரிவில் வண்டி மூக்குக் குத்தும். தொட்டி உயரமாக இருந்தால் பலகையிலிருந்து இறங்கும் முறிவில் கோலி சிந்தும். அங்கே ஒரு தடித்த தாளைப் பாலம் போல ஒட்டிவைத்தால் எல்லாருக்கும் சமமான சோதனையாக இருக்கும்.

அலங்காரத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம் போதும், அதுவும் சோதனை ஓட்டத்துக்குப் பிறகு. ஜிகினாத்தாள் முதலில் வந்தால் சக்கரம் மறந்துபோகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கலப்புக் குழுக்களில் ஆண்பிள்ளைகள் குச்சியையும் ஸ்கேலையும் பிடித்துக்கொண்டு, பெண்பிள்ளைகளிடம் வண்ணம் தீட்டும் வேலையைத் தள்ளிவிடுவது சாதாரணமாக நடக்கும். அளப்பவர், பொருத்துபவர், பொருளுக்குப் பொறுப்பாளர் என்று மூன்று வேலை வைத்து வேளைக்கு வேளை மாற்றிவிட்டால் சண்டையில்லாமல் தீரும். பொறுப்பாளர் மணி அடிப்பதற்குள் கத்தரிக்கோலையும் மீதிக் குச்சியையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். பத்துக் கத்தரிக்கோல் கொடுத்தால் பத்தும் திரும்ப வந்த பிறகுதான் வகுப்பு கலையலாம்.

சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று வாய்ப்பு. தள்ளிவிடக் கூடாது, விட்டுவிட மட்டும் வேண்டும். இதற்கு ஒரு ஸ்கேலைக் குறுக்கே பிடித்துச் சட்டென்று தூக்குவது நல்லது. மூன்று தூரத்தையும் நோட்டில் எழுதட்டும். பிறகு ஒவ்வொருவரும் மூன்று வரி: முதலில் எப்படிச் செய்தோம், எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம். மதிப்பெண் போட வேண்டியிருந்தால் இந்த மூன்று வரிக்கும் அடித்தல் திருத்தலோடு இருக்கும் வரைபடத்துக்கும் போடுங்கள். முதல் ஓட்டத்திலேயே 1 மீட்டர் தாண்டிய குழுவிடம் ‘ஏன் ஓடியது?’ என்று கேட்டால் பதில் இல்லாமல் போகலாம். நான்கு முறை பிரித்துக் கட்டிய குழு சரளமாகச் சொல்லும். வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ‘செய்து கொண்டுவா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வருவது அப்பா செய்த வண்டியாக இருக்கும், கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம்.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அங்கேயும் இது நடக்கும். காகித வட்டம் மடித்து மையம் காண்பதும் கோலி எண்ணுவதும் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு; குழாய் சுருட்டுவது மூன்றாம் வகுப்புக்கு; அளந்து பொருத்துவது பெரியவர்களுக்கு. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தால் மேசை வேண்டியதில்லை.

அடுத்த மாதம்: தானாக ஓடும் வண்டி

அதே வண்டியில் ரப்பர் பேண்டைச் சேர்க்கலாம். பின்பக்க அட்டையில் நடுவில் 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு வெட்டு, விளிம்பிலிருந்து குழாயைத் தாண்டி 4 செ.மீ. ஆழத்துக்கு. அந்த இடத்தில் குழாயையும் வெட்டி எடுத்துவிட்டால் அச்சு வெளியே தெரியும். அச்சின் நடுவில் தீக்குச்சித் துண்டு ஒன்றை நூலால் சிலுவை போலக் கட்டினால் அது கொக்கி. ரப்பர் பேண்டின் ஒரு முனையை அட்டையின் முன்பக்கத்தில் கட்டி, மறுமுனையைக் கொக்கியில் மாட்டி, அச்சைப் பின்னோக்கி ஆறேழு சுற்று சுற்றி விட்டால் வண்டி பாயும்.

பாயவில்லை, சக்கரம் மட்டும் நின்ற இடத்தில் சுழல்கிறது என்றால் மூடி வழவழப்பான தரையில் வழுக்குகிறது. உடைந்த பலூனிலிருந்து வெட்டிய வளையத்தை மூடியைச் சுற்றி மாட்டினால் பிடிக்கும். தூரம் போதவில்லையென்றால் பின்சக்கரத்தைப் பெரிதாக்கலாம். 30 மி.மீ. மூடி ஒரு சுற்றுக்கு 9.4 செ.மீ. போகும், 12 செ.மீ. விட்டமுள்ள பழைய சி.டி. 37.7 செ.மீ. போகும். ஆனால் பெரிய சக்கரத்தைக் கிளப்ப அதே ரப்பர் பேண்டுக்குத் திணறலாக இருக்கும். இரண்டாக மடித்துப் போட வேண்டிவரலாம்.

சில குழுக்கள் கொக்கியில் மாட்டாமல் ரப்பர் பேண்டை அச்சோடு முடிச்சுப் போட்டுவிடும். அந்த வண்டி முன்னால் ஓடி, ரப்பர் முழுக்க அவிழ்ந்ததும் மறுதிசையில் சுற்றத் தொடங்கி, சட்டென்று நின்று, கொஞ்சம் பின்னாலும் வரும். கொக்கியில் மாட்டிய வண்டியோ ரப்பர் கழன்று விழுந்த பிறகும் ஓடிய வேகத்திலேயே உருண்டு போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டுங்கள், காரணத்தை அவர்கள் சொல்லட்டும்.